ஒரு நாளும் ஒரு பருவமும்

திருகோணமலைக்கும் உதைபந்துக்கும் உள்ள உறவு நெடுநாளையது. 1957ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துக் கப்பலேறிச் சென்றபோது, கோட்டையையும் எண்ணெய்த் தாங்கிகளையும் மட்டுமன்றி, அந்தி நேரத்தில் ஒரு பந்தைச் சுற்றி இருபத்திருவர் ஓடும் வழக்கத்தையும் விட்டே சென்றனர். இன்று மக்கெய்சர் மைதானத்திலும், கிண்ணியா மூதூர்த் திடல்களிலும், தெற்கே வெருகல், இலங்கைத்துறை வரை நீண்டு கிடக்கும் கடற்கரை மணலிலும் மாலை வேளைகளிற் பந்து உருளாத நாள் அரிது. ஆயினும் ஓடுகின்ற கால்களை எண்ணிப் பார்ப்பின், அவை பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் கால்களே. பெண்பிள்ளைகள் ஓடுகின்றனர் எனினும், பாடசாலை விளையாட்டுக் காலத்தில் ஓரிரு வாரம் ஓடுகின்றனர், பின்னர் நின்றுவிடுகின்றனர்.

அவர்கள் ஏன் நின்றுவிடுகின்றனர் என்பதே இவ்வார ஆராய்ச்சி. விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்லப் போவதில்லை. நம் கடலுக்கு அப்பால், பாரத நாட்டிலே நடைபெறும் பெண்கள் தேசிய உதைபந்தாட்ட லீக்கின் ஒரு பருவத்தை எடுத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தின் கதையில் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. தமிழ் மக்களுக்குச் சொந்தமான ஓர் அணியும் இருக்கிறது.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒடிசா மாநிலத்துப் புவனேசுவர நகரிலே பன்னிரண்டு அணிகள் கூடின. விதி எளியது: ஒவ்வோர் அணியும் ஏனைய பதினோர் அணிகளையும் ஒவ்வொரு முறை எதிர்த்தாட வேண்டும். வென்றால் மூன்று புள்ளி, சமநிலை எய்தினால் ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை. இறுதியில் எவருக்குப் புள்ளி மிகுதியோ அவருக்கே வாகை. அரையிறுதி என்றும் இறுதி என்றும் தனியே ஆட்டங்கள் இல்லை. எனினும் கால ஓட்டம் தானே ஓர் இறுதியாட்டத்தைச் சமைத்துத் தந்தது. மதுரையைத் தாயகமாகக் கொண்ட சேது அணி பத்து ஆட்டங்களில் பத்தையும் வென்றது. கோழிக்கோட்டைத் தாயகமாகக் கொண்ட கோகுலம் கேரளா அணியும் பத்தில் பத்தையும் வென்றது. இருவரிடமும் முப்பது புள்ளிகள். எஞ்சியிருந்தது ஒரே ஆட்டம். அஃது அவ்விருவருக்கும் இடையிலானது!

மே மாதம் 26ஆந் திகதி கலிங்க மைதானத்திலே அவ்வாட்டம் நடைபெற்றது. தொடங்கிச் சில நிமிடங்களிலேயே சேது அணியின் ரேணு தேவி ஒரு கோலைப் போட்டார். மதுரைப் பெண்கள் முந்திவிட்டனர். ஆனால் கோகுலத்தார் கலங்கவில்லை. முன்னைய பருவத்து வாகையரல்லவா? தண்டனை உதை ஒன்றை ஆசாலதா தேவி கோலாக மாற்றினார். கானா நாட்டிலிருந்து வந்து ஆடிய எல்சதாய் அச்சியாம்பொங் இரண்டாவது கோலைப் போட்டார். பஞ்சாபு மாநிலத்துச் சிற்றூர்ப் பெண்ணாகிய மனிசா கல்யாண் மூன்றாவதைப் போட்டார். முடிவு மூன்றுக்கு ஒன்று. பதினோர் ஆட்டங்களையும் வென்ற கோகுலம் வாகை சூடியது. சேது இரண்டாவதாயிற்று.

ஒரு பருவம் முழுவதிலும் ஒரேயொரு நாள் தோற்று, அந்த ஒரு நாளாலேயே வாகையை இழந்த அணியைப் பார்த்து நம் நெஞ்சு இரங்குவது இயல்பு. ஆயினும் சற்று நின்று சிந்திப்போம். அத் தோல்விக்கு முன்னர் அப்பெண்கள் பத்து முறை களமிறங்கி ஆடியிருந்தனர். பத்து முறை பயிற்றுநரின் திருத்தம் பெற்றிருந்தனர். முதலாட்டத்திற் செய்த பிழையை இரண்டாம் ஆட்டத்திலும், இரண்டாம் ஆட்டத்துப் பிழையை மூன்றாம் ஆட்டத்திலும் திருத்திக்கொள்ள அவகாசம் பெற்றிருந்தனர். இதைத்தான் நாம் ‘பருவம்’ என்கிறோம். நெல்லுக்குப் போகம் எவ்வாறோ, ஆடுவோர்க்குப் பருவம் அவ்வாறு. விதைத்த மறுநாள் அறுப்பவர் எவருமிலர்.

மாணவர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு அணிகளை விலகல் முறையில் ஆடவிட்டால், மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடைபெறும்? ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி விலகுகிறது. ஈற்றில் ஓரணி நிற்க வேண்டுமாயின் பதினோர் அணிகள் விலக வேண்டும். ஆகவே பதினோர் ஆட்டங்கள். முதற் சுற்றிலே தோற்றவர்கள் ஒரே ஆட்டத்துடன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவர். அதே பன்னிரண்டு அணிகளை லீக் முறையில் ஆடவிட்டால், பன்னிரண்டைப் பதினொன்றாற் பெருக்கி இரண்டாற் பிரிக்க, அறுபத்தாறு ஆட்டங்கள் வரும். மிகக் கீழே நிற்கும் அணிக்கும் பதினோர் ஆட்டங்கள் உண்டு. விலகல் முறை வல்லவரைத் தேர்ந்தெடுக்கிறது. லீக் முறையோ வல்லவரை ஆக்குகிறது. நம் பாடசாலைப் போட்டிகள் பெரும்பாலும் எந்த முறையில் நடைபெறுகின்றன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பல மாதம் பயின்று, பஸ்ஸேறிப் போய், ஒரு மணி நேரம் ஆடி, தோற்று, மறு ஆண்டுவரை காத்திருக்கும் சிறுமியர் எத்தனை பேர்! மறு ஆண்டு வரும்போது அவர்களிற் பாதிப்பேர் அணியில் இருப்பதில்லை.

பாரத நாட்டினரும் இந்த உண்மையை எளிதில் உணர்ந்துவிடவில்லை. அங்கே ஆண்களுக்குத் தேசிய லீக் 1996ஆம் ஆண்டிலே தொடங்கிவிட்டது. பெண்களுக்கான லீக்கின் முதற் பருவம் நிறைவெய்தியது 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில். இருபது ஆண்டுக் காலத் தாமதம்! அதுவும் எவ்வளவு சிறிதாய்த் தொடங்கியது என்கிறீர்கள்? தில்லி நகரிலே ஆறே ஆறு அணிகள் கூடி, மூன்று வாரத்துக்குள் இறுதிச் சுற்றை ஆடி முடித்தன. மணிப்பூரின் ஈசுற்றேண் ஸ்போட்டிங் யூனியன் வாகை சூடியது. மறு பருவத்தில், 2018ஆம் ஆண்டு, சில்லோங் நகரிலே ஏழு அணிகள் ஆடின. ஒடிசாவின் றைசிங் ஸ்ரூடன்ஸ் கழகம் தண்டனை உதைகளால் வென்றது. மூன்றாம் பருவத்திலே, 2019ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி, லூதியானாவில் நடைபெற்ற இறுதியாட்டத்திலே, நம் சேது அணி மணிப்பூர்ப் பொலிஸ் அணியை மூன்றுக்கு ஒன்றாக வென்று பாரதத்தின் வாகையராயிற்று. தமிழகத்து அணி ஒன்று அந்த மகுடத்தைச் சூடியது அதுவே முதன்முறை.

நான்காம் பருவத்தில் கோகுலம் வென்றது 2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில். அதன் பின்னர் கொள்ளைநோய் உலகைக் கவ்வியது. அடுத்த பருவம் கைவிடப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் வரை, இரண்டு ஆண்டும் இரண்டு திங்களும், தேசிய லீக் ஆட்டம் ஒன்றேனும் இல்லை. அந்த வரட்சிக்குப் பின்னர் வந்ததே நாம் மேலே கூறிய பருவம். 2023ஆம் ஆண்டு திசெம்பரிலே தொடங்கிய பருவத்திலேதான் முதன்முறையாக அணிகள் தத்தம் ஊரிலும் எதிரியின் ஊரிலுமாக மாறிமாறி ஆடத் தொடங்கின. ஏழு அணிகள், ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள், ஒடிசா அணிக்கு வாகை. 2025ஆம் ஆண்டிலே எட்டு அணிகள் ஆடிய பருவத்தில் கல்கத்தாவின் ஈஸ்ற் பெங்கால் வென்றது. மூன்று வாரத் திருவிழாவாகத் தொடங்கியது, மாதக்கணக்கில் நீளும் பருவமாக வளர்ந்தமை இவ்வாறே.

சேது என்னும் பெயரைக் கேட்டதும் ஈழத்தவராகிய நமக்கு ஓர் உரிமை உணர்ச்சி எழுவதில் வியப்பில்லை. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களிற் பொறித்த சொல் அதுவன்றோ? ஆனால் தமிழகத்துப் பெண்கள் உதைபந்தாட்டத்தின் வேர் மதுரையில் மட்டும் இல்லை. கடலூரை நினைத்துப் பாருங்கள். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி எந்த ஆழிப்பேரலை நம் மூதூரையும் கிண்ணியாவையும் வெருகற் கரையையும் அழித்ததோ, அதே அலை அதே நாளிற் கடலூர்க் கரையையும் அழித்தது. அந்த அழிவுக்குப் பின்னர், அவ்வூரிலே மாரியப்பன் என்னும் பயிற்றுநர் ஏழைச் சிறுமியரைத் திரட்டி உதைபந்து பயிற்றினார். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகத்தின் அணி, 2018ஆம் ஆண்டுத் தேசிய லீக்கில் ஆடிய ஏழு அணிகளுள் ஒன்று. அதே ஆண்டு பெப்ரவரியிலே, மாநிலங்களுக்கிடையிலான பெண்கள் சம்பியன் போட்டியில், அதுவரை அசைக்க முடியாதிருந்த மணிப்பூரை இறுதியாட்டத்திலே இரண்டுக்கு ஒன்றாக வென்று தமிழ்நாடு முதன்முறையாக வாகை சூடியது. 2023ஆம் ஆண்டிலும் அரியானாவை வென்று அவ்வாகையை மீண்டும் பெற்றது. அலை ஒன்றுதான், அதன் பின்னர் ஒரு கரையில் எழுந்தது மறு கரையில் எழவில்லையே என்பதுதான் நம் மனக்குறை.

இதனைப் பற்றி எழுதப் போகிறோம் என்று அறிந்த அன்பர் ஒருவர், மூதூர்ப் பக்கத்தவர், நமக்கொரு கடிதம் வரைந்திருந்தார். அவர் மகள் பாடசாலை அணியிலே பின்களத்தில் ஆடுபவள். “ஐயா, மகள் நன்றாய் ஆடுகிறாள் என்று ஆசிரியர்கள் கூறுகிறார்கள். மறுக்கவில்லை. அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை வருகிறது. இந்தப் பந்து அவளுக்குச் சோறு போடுமா? இருட்டிய பின் வீடு வரும் பிள்ளைக்கு யார் துணை?” என்று கேட்டிருந்தார். இக்கேள்விகளைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது அறமன்று. தந்தையின் கவலை தந்தையின் கவலைதான். அதற்கு நேர்மையான விடை வேண்டும்.

சோறு போடுமா என்ற வினாவுக்கு, எல்லோருக்கும் போடாது என்பதே விடை. பாரத லீக்கிலும் ஆடுவோர் எல்லோரும் செல்வராகவில்லை. ஆயினும் சிலரைப் பாருங்கள். கடலூரிற் பிறந்த இந்துமதி கதிரேசன் சேது அணிக்கு ஆடினார். இந்திய நாட்டணிக்கும் ஆடினார். விளையாட்டு அவருக்குத் தமிழ்நாட்டுப் பொலிஸிலே உபபரிசோதகர் பதவிக்கு வழிகாட்டியது. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் ஆட்டங்கள் நின்றபோது, அவர் சென்னை வீதியிலே காவற் கடமையில் நின்றார். புவனேசுவரத்தில் மூன்றாம் கோலைப் போட்ட மனிசா கல்யாண் அதே 2022ஆம் ஆண்டிற் சைப்பிரசு நாட்டுக் கழகம் ஒன்றுக்குச் சென்று, ஐரோப்பியப் பெண்கள் சம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண்ணானார். கோகுலத்துக்காகக் கோல்மழை பொழிந்த நேபாளத்துச் சபித்ரா பண்டாரி பிற்பாடு பிரான்சு நாட்டிலே ஆடினார். நம்மைப் போன்ற ஒரு சிறிய நாட்டிலே பிறந்தவர் அவர் என்பதை மறக்க வேண்டாம்.

இவர்கள் அருமையானவர்கள், ஒவ்வொரு பிள்ளையும் இவர்களைப் போலாகாள். ஆயினும் நல்ல பருவம் ஒன்றிலே பங்குபற்றும் பிள்ளைக்கு வேறொன்று கிடைக்கிறது. தோற்ற சனிக்கிழமைக்குப் பின்னர் ஒரு திங்கட்கிழமை உண்டென்றும், அதற்கப்பால் இன்னொரு சனிக்கிழமை உண்டென்றும் அவள் உடம்பால் அறிகிறாள். பரீட்சையில் ஒரு முறை தவறியதும் உலகமே இடிந்துவிட்டதாகக் கருதும் பிள்ளைகளை நாம் கல்லூரியிலே ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுக்கு அறிவுக் குறைவில்லை. இரண்டாவது ஆட்டம் உண்டு என்ற பழக்கந்தான் குறைவு.

இருட்டியபின் யார் துணை என்ற வினாவுக்கு விடையளிக்க வேண்டியவர் தந்தையல்லர், போட்டி நடத்துவோர். மாலை நாலரை மணிக்குள் ஆட்டம் முடிய வேண்டும். அணியோடு ஆசிரியை ஒருவர் செல்ல வேண்டும். உடை மாற்றக் கதவுள்ள அறை வேண்டும். உடை விடயத்திலும் ஒரு தெளிவு நன்று: முஸ்லிம் பெண்பிள்ளைகள் தலையை மூடியபடி ஆடுவதை அனைத்துலக உதைபந்தாட்ட விதிகள் 2014ஆம் ஆண்டிலிருந்து வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. ஆகையால் கிண்ணியா, மூதூர்ப் பெற்றோர் அந்தக் காரணத்தால் தயங்க வேண்டியதில்லை.

“பெண்களுக்கு ஏற்ற ஆட்டமா இது?” என்று கேட்போரும் உளர். அவர்கள் இங்கிலாந்தின் வரலாற்றைச் சற்றே புரட்டுவது நன்று. 1920ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க் மைதானத்திலே, ஆலைத் தொழிலாளப் பெண்களின் டிக் கேர் அணி ஆடியதைக் காண ஐம்பத்து மூவாயிரம் பேர் திரண்டனர். மறு ஆண்டே, 1921 திசெம்பரிலே, இவ்வாட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று கூறி அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் தன் அணிகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அத்தடை நீங்கியது. கூட்டம் வராமையால் பெண்களின் ஆட்டம் அழியவில்லை. கூட்டம் வந்த பின்னரே அழிக்கப்பட்டது. ‘வழக்கம்’ என்று நாம் கைகட்டி வணங்கும் பலவும், யாரோ சிலர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து எடுத்த தீர்மானங்களே என்பதற்கு இது நல்ல சான்று.

மேசையைச் சுற்றியிருப்போரின் பிழைக்குக் களத்தில் நிற்போர் தண்டனை பெறுவது இன்றும் நின்றபாடில்லை. புவனேசுவரத்தில் வென்ற கோகுலப் பெண்கள் ஆசியக் கழகங்களுக்கான போட்டியில் ஆடும் தகுதி பெற்று, 2022 ஆகஸ்டிலே உஸ்பெக்கிஸ்தான் நாட்டுத் தாஷ்கெந்து நகர் வரை சென்றனர். அவ்வேளையில் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் வெளியாரின் தலையீட்டைக் காரணங்காட்டி, உலக உதைபந்தாட்டச் சங்கம் அந்நாட்டை இடைநிறுத்தியது. தடை பதினொரு நாள்களில் நீங்கிற்று. ஆனால் பெண்கள் ஆடாமலே திரும்பினர். பதினோர் ஆட்டங்களை வென்று பெற்ற உரிமையை, தாம் செய்யாத குற்றத்தால் இழந்தனர். நாம் அவர்களைப் பார்த்து நகைக்க இயலாது. 2023ஆம் ஆண்டு ஜனவரியிலே நம் இலங்கையும் அவ்வாறே இடைநிறுத்தப்பட்டது. ஆகஸ்டு வரை ஏழு மாதம் நம் வீரர், வீராங்கனையர் அனைத்துலக ஆட்டத்தின் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

ஆகையால் மேலிருந்து வருவதற்காக மட்டும் நாம் காத்திருத்தல் வீண். நம் நாட்டிலே திறமைக்குக் குறைவில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைகளுக்கிடையிலான போட்டிகளிலே பலமுறை வாகை சூடி வடபுலத்துக்குப் பெருமை தேடித் தந்துள்ளனர். கிழக்குப் பெண்களின் கால்கள் எவ்வகையிலும் தாழ்ந்தனவல்ல. பாடசாலையை விட்டு நீங்கிய பின்னரும் ஆட விரும்பும் பெண்ணுக்கு முப்படைகளின் அணிகள் ஒரு வழி. ஆனால் சீருடை அணிய விரும்பாதவளுக்கும் ஒரு வழி வேண்டாமா?

நாம் கருதுவது பெரிய திட்டமன்று. நம் மாவட்டத்திலே ஆறு பாடசாலைகள் முன்வரட்டும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஆடும் பாடசாலைகளாக அவை அமையட்டும். ஒவ்வோர் அணியும் ஏனைய ஐந்து அணிகளையும் தன் ஊரில் ஒரு முறையும் எதிரியின் ஊரில் ஒரு முறையும் சந்திக்கட்டும். ஆளுக்குப் பத்து ஆட்டங்கள், மொத்தம் முப்பது. சனிக்கிழமைக்கு மூன்று ஆட்டமாகப் பத்து வாரங்களில் முடிந்துவிடும். பரீட்சைக் காலத்துக்கு முன்னரே முடித்துவிடலாம். ஓர் அணி ஐந்து முறை மட்டுமே வெளியூர் செல்ல வேண்டும். கொழும்புக்கு ஒரு முறை சென்று ஒரே ஆட்டத்தில் தோற்றுத் திரும்பும் செலவையும், இதன் செலவையும் எழுதிப் பார்ப்பவர்கள், பெறும் பயனுக்கு ஏற்ப எது மலிவு என்பதை உணர்வர். பழைய மாணவர் சங்கங்களும் வணிகர்களும் ஆளுக்கொரு பயணத்தை ஏற்றுக்கொண்டாற் பாரம் எவர் தோளையும் நெரிக்காது.

ஊருக்கு ஊர் போவது முன்னாளில் அரிதாயிருந்தது. கிண்ணியாவுக்குத் தோணிப் பாதையிற் காத்துக் கிடந்த காலத்தை முதியோர் மறந்திரார். 2009ஆம் ஆண்டிலே முந்நூற்றுத் தொண்ணூற்றாறு மீற்றர் நீளமுள்ள பாலம் அங்கே திறக்கப்பட்டது. சேது என்பதன் பொருளும் பாலமே. பாலத்தின் மேற் சரக்கு லொறிகள் ஓடுகின்றன. பரீட்சைக்குப் பிள்ளைகள் போகின்றனர். திருமணங்களுக்குச் சுற்றத்தார் போகின்றனர். சனிக்கிழமை காலையில் பத்து வாரங்களுக்கு ஒரு பஸ் நிறையப் பெண்பிள்ளைகள், காலுறையும் தண்ணீர்ப் போத்தலுமாக அதன்மேற் போவது அத்துணை அரிய காரியமா? இதனை வாசிக்கும் அதிபர்களும் பெற்றோரும், வரும் தவணைக் கூட்டத்திலே இதை ஒரு பொருளாக எடுத்து ஆராய்வார்களாக.